கடலோடி கேள்வி–பதில்: படகில் துப்பாக்கி

கேள்வி: எங்கள் 38 அடி பாய்மரப் படகு அமெரிக்கப் பதிவு. புளோரிடாவில் கிளம்பி பஹாமாஸ், பனாமா, பிரெஞ்சு பாலினீசியா, நியூசிலாந்து வழியாக ஆஸ்திரேலியா போகிறோம். தற்காப்புக்கு எது நல்லது? பிஸ்டலா, ரைஃபிளா, ஷாட்கன்னா?
– வி.ஆர்., டாம்பா

பதில்: பஹாமாஸ் போய்த் திரும்புவதோடு சரி என்றால், 12 கேஜ் (குழலின் அளவு) பம்ப் ஆக்‌ஷன் (முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும்) ஷாட்கன். நீங்கள் சொல்லும் முழு வழிக்கும் என்றால், எதுவுமே வேண்டாம் என்பதுதான் எங்கள் பதில்.

முதலில் ஷாட்கன் ஏன் என்று பார்ப்போம். ஆடுகிற தளத்தில் நின்று பிஸ்டலால் குறிவைப்பது பயிற்சி உள்ளவருக்கே கடினம். அதோடு, கைத்துப்பாக்கி என்றாலே பல நாடுகளில் சட்டம் இன்னும் கடுமையாகிவிடும். ஷாட்கன்னில் '00 பக்‌ஷாட்' தோட்டா ஒன்றில் எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கும். 18 அங்குலக் குழலிலிருந்து புறப்பட்டால் 25 மீட்டர் தூரத்தில் சுமார் இரண்டடி அகலத்துக்குப் பரவும். அதைத் தாண்டினால் நம்பிக்கை வைக்க முடியாது. தோளில் அணைக்கும் முழுக் கட்டை உள்ளதையே வாங்குங்கள். வெறும் கைப்பிடி மட்டும் உள்ள குட்டை மாடல் படகில் கைக்கு அடங்காது.

பம்ப் துப்பாக்கியில் அடிக்கடி வரும் கோளாறு துப்பாக்கியுடையது அல்ல, கையுடையது. பதற்றத்தில் முன்கட்டையைக் கடைசிவரை இழுக்காமல் பாதியிலேயே முன்னே தள்ளிவிடுவார்கள். காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கிக்கொள்ளும். கரையில், முறையான சுடுதளத்தில், முழு வீச்சில் இழுத்துத் தள்ளிப் பழகாதவர் இதைப் படகில் ஏற்றக் கூடாது.

இனி, ஏன் வேண்டாம் என்பதற்கு வருவோம். நடுக்கடலில் உங்கள் கொடி நாட்டுச் சட்டம், அதாவது படகு பதிவான நாட்டின் சட்டம். துறைமுகத்துக்குள் நுழைந்தால் அந்த நாட்டுச் சட்டம். பஹாமாஸில் துப்பாக்கியின் வரிசை எண்ணையும் தோட்டாக்களின் எண்ணிக்கையையும் சுங்கத்தில் எழுதிக் கொடுத்து, படகிலேயே பூட்டி வைக்கலாம். கரைக்குக் கொண்டுபோகக் கூடாது. எண்ணிக்கையில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சிக்கல்தான். நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வந்ததும் அறிவிக்க வேண்டும். அதிகாரிகள் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு பம்ப் ஷாட்கன்னுக்குச் சாதாரண உரிமம் போதாது. வழியில் மெக்சிகோவில் ஒதுங்க நேர்ந்தால், இழுப்பறையில் மறந்து கிடக்கும் ஒற்றைத் தோட்டாவுக்கே வழக்கு வரும்.

பாய்மரப் படகுகளில் திருட்டு பெரும்பாலும் நடப்பது நங்கூரம் போட்டுத் தூங்கும் இடத்தில். பல நாடுகளில் அந்த நேரத்தில் உங்கள் துப்பாக்கி சுங்க அலுவலகத்தில் இருக்கும். கையில் இருந்தாலும் காப்பாற்றும் என்பதில்லை. அமெரிக்காஸ் கோப்பை என்ற பாய்மரப் படகுப் போட்டியை நியூசிலாந்துக்கு வென்று தந்த பீட்டர் பிளேக், 2001 டிசம்பரில் அமேசான் முகத்துவாரத்தில் மக்காப்பா அருகே கொள்ளையர் ஏறியபோது ரைஃபிளோடு எதிர்த்தார். ஒருவன் கையில் சுட்டார், அதன் பின் துப்பாக்கி சிக்கிக்கொண்டது. அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். போனது ஒரு அவுட்போர்டு இன்ஜினும் சில கைக்கடிகாரங்களும். ஃபைபர் படகின் சுவர் ஏ.கே. தோட்டாவைத் தடுக்காது என்பதையும் குடும்பத்தோடு போகிறவர்கள் மறக்க வேண்டாம்.

அந்தப் பணத்தில் உள்ளிருந்து திறக்கக்கூடிய எஃகுக் கம்பிக் கதவு, ஆள் நடமாடினால் எரியும் தள விளக்கு, உரத்த சைரன் மூன்றையும் போடுங்கள். ராத்திரி டிங்கியை (கரைக்குப் போய்வரும் சிறு படகை) தண்ணீரில் விடாமல் தூக்கிக் கட்டிப் பூட்டுங்கள். பிற படகுகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போடுங்கள்.

கேள்வி: கடலுக்கென்றே நிக்கல் பூசிய ஷாட்கன். மூன்றே மாதத்தில் உள்ளே துரு. ஏமாற்றிவிட்டார்களா?
– ஜெ.பி., மயாமி

பதில்: இல்லை. பூச்சு குழலையும் உடலையும் காக்கும். ஸ்பிரிங், பின் போன்ற சிறு உறுப்புகள் பெரும்பாலும் சாதாரண எஃகு. துரு அங்கேதான் தொடங்கும். பஞ்சு வைத்த பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. பஞ்சு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கோன் தோய்த்த துணி உறையில் போட்டு, தண்ணீர் எட்டாத உள்ளறையில் வையுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோட்டாக்களை எடுத்துவிட்டு, தோட்டா உட்காரும் அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குழலைக் கழற்றுங்கள். விசைப் பகுதியைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுங்கள் (மாஸ்பெர்க் 500-ல் ஒன்று, ரெமிங்டன் 870-ல் இரண்டு). எண்ணெய் போடுவதற்கு முன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது. துடைக்காமல் எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகத்தான் ஆகும். நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய எண்ணெய், அதுவும் மேலாக. வழியும் எண்ணெய் தோட்டாவின் அடிப்பகுதிக்குள் இறங்கினால் அது வெடிக்காமல் போகலாம்.

தோட்டாக்களை மாதக்கணக்கில் குழாய் மேகசினுக்குள் (குழலுக்கு அடியில் தோட்டாக்களை வரிசையாக வைக்கும் குழாய்) விட்டுவைக்காதீர்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் பிளாஸ்டிக் உறை உப்பிவிடும். ரப்பர் வளையம் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சோதிக்க, கழற்றிய குழலின் பின்வாயில் தோட்டாவை விடுங்கள். தானாக இறங்கி உட்கார வேண்டும். தள்ளினால்தான் போகிறது என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: ஃபிளேர் பிஸ்டலில் (ஆபத்தில் உதவி கேட்டு ஒளி ஏவும் துப்பாக்கியில்) ஷாட்கன் தோட்டா போடலாமா?
– எஸ்.கே., லண்டன்

பதில்: கூடவே கூடாது. பிளாஸ்டிக் குழல் உங்கள் கையிலேயே வெடித்துச் சிதறும். பிரிட்டனில் ஃபிளேர் பிஸ்டலுக்கே துப்பாக்கி உரிமம் தேவை. கையில் பிடித்து ஏவும் பாராசூட் ஃபிளேர் போதும்: 300 மீட்டர் உயரம் போய் 40 விநாடி எரியும். அது உதவி கேட்க மட்டுமே. ஆளை நோக்கி ஏவினால் உங்கள் பாயே பற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: எங்கள் மீன்வலைமேல் ஏறிவிடும் என்று எச்சரிக்க வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளை நோக்கி விரைந்தால், துப்பாக்கியை நீட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– அ.மரியதாஸ், தூத்தூர், குமரி

பதில்: உங்கள் பயம் நியாயமானது. 2012 பிப்ரவரியில் 'என்ரிகா லெக்ஸி' கப்பலின் இத்தாலிய வீரர்கள் கடற்கொள்ளையர் என்று எண்ணிச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள்; ஒருவர் உங்கள் மாவட்டத்துக்காரர். அதே ஆண்டு ஜூலையில் துபாய் அருகே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சுட்டதில் ராமநாதபுரம் மீனவர் ஒருவர் பலியானார்.

முதலில் வி.எச்.எஃப். ரேடியோவின் 16-வது சேனலில் 'ஃபிஷிங் நெட்' என்று சொல்லி, வலை கிடக்கும் திசையையும் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் பின்புறமாக நெருங்காதீர்கள். அவர்கள் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். முன்பக்கவாட்டில், எளிதில் கண்ணில் படும்படி, இருநூறு மீட்டருக்கு அப்பால் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஒருவர் மட்டும் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, மிதவைக் கொடியைச் சுட்டிக் காட்டட்டும்.

பாய்மரப் படகுக்காரர்களும் பைனாகுலரில் பார்க்க வேண்டியவை உண்டு. வலை, மிதவை, ஐஸ் பெட்டி தெரிந்தால் அது தொழில் படகு. மீன்பிடிச் சாமான் எதுவுமின்றி ஏணி, கொக்கி, கூடுதல் எரிபொருள் பீப்பாய்கள் இருந்தால்தான் சந்தேகம். அப்போதும் முதலில் செய்ய வேண்டியது திசையை மாற்றிப் பார்ப்பது. மீனவர் உங்களைத் தொடர மாட்டார், வலைக்கே திரும்பிவிடுவார்.