மழையா, மரமா?

கேள்வி: வீடு கம்பத்தில். ஏலக்காய் ஸ்டோர் (காய் உலர்த்தும் கூடம்) கேரள எல்லையில் கம்பம்மெட்டு ஓரத்தில், நேர்கோட்டில் 8 கி.மீ. மொட்டைமாடியில் நின்றால் தெரியும். 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் இரண்டு வைத்து வீட்டு இன்டர்நெட்டை அங்கே கொண்டுபோனோம். கோடையில் ஜோராக ஓடியது. ஜூன் மழையில் ஸ்டோர் கேமரா அடிக்கடி நின்றுபோகிறது. மாநிலம் தாண்டுவதால் அனுமதி வேண்டுமா?
– ஏலத்தோட்ட வாசகர், கம்பம்

பதில்: மழை மேல் பழி போடாதீர்கள். இந்த அலைவரிசையில், இந்தத் தூரத்துக்குக் கனமழைகூட சில டெசிபல்தான் (சிக்னல் ஏற்ற இறக்கத்தின் அளவு) தின்னும். எனக்குச் சந்தேகம் ஸ்டோருக்கு முன்னால் நிற்கும் நிழல் மரங்கள் மேல்தான். மழை பிடித்ததும் தழை அடர்ந்துவிடும். ஈர இலை இந்த அலையை அப்படியே குடித்துவிடும்.

கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை, நடுவில் பருத்துப் போகும். இதை ஃப்ரெனல் மண்டலம் என்பார்கள். உங்கள் பாதையின் நடுவில் அதன் ஆரம் 10 மீட்டர். அங்கே பள்ளத்தாக்குதான், கவலையில்லை. ஸ்டோரிலிருந்து 200 மீட்டர் தள்ளி அதன் ஆரம் 3 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது கோட்டைச் சுற்றி 2 மீட்டராவது, காலியாக இருக்க வேண்டும். ஏலத்துக்கு நிழல் வேண்டும், மரத்தை வெட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. ஸ்டோர் மேல் ஜிஐ பைப் கம்பத்தை உயர்த்துங்கள். அப்புறம், வருஷா வருஷம் மே மாதம் நிழல் கழிக்கும்போது அந்தப் பாதைக் கிளைகளையும் கழித்துவிடுங்கள்.

கம்பத்தை உயர்த்தினால் டிஷ்ஷை மறுபடி திருப்பிப் பிடிக்க வேண்டும். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே, கையில் போன். ஒரு நேரத்தில் ஒரு டிஷ்ஷை மட்டும் அசையுங்கள். சிக்னல் ஏறியதும் நட்டை இறுக்கிவிட வேண்டாம். அது பக்கக்கதிராக, அதாவது டிஷ்ஷின் ஓரத்தில் கசியும் பலவீனமான கதிராக, இருக்கலாம். இடமும் வலமும் கடந்து போய்ப் பாருங்கள். 25 டிபிஐ (டிஷ் அலையைக் குவிக்கும் அளவு) டிஷ் என்றால், டிஷ்ஷிலிருந்து வெளியேற விதி அனுமதிக்கும் 36 டிபிஎம் (சிக்னல் திறனின் அளவு) திறனில், எதிர்முனையில் −65 டிபிஎம் சுற்றி வர வேண்டும். −80-ல் நின்றால் பிடித்தது தப்பான உச்சி. ரேடியோவில் தூரத்தை 8 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட்டியே போடுங்கள். இல்லாவிட்டால் எதிர்முனைப் பதில் வருமுன்பே பாக்கெட் (தகவல் துண்டு) தொலைந்ததென்று திரும்பத் திரும்ப அனுப்பும்.

உங்கள் மாவட்டத்துக்கு இது புதிதல்ல. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவிலேயே, பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்த நெடுந்தூர வைஃபையில் ஊர்ப்புறக் கண் மையங்களை இணைத்து, டாக்டரை வீடியோவில் நோயாளியோடு பேச வைத்தது.

அனுமதியா? அலைவரிசை மத்திய அரசு விஷயம், மாநில எல்லை குறுக்கே வராது. 2018-லேயே இந்தப் பட்டையை லைசன்ஸ் இல்லாமல் பயன்படுத்த விட்டுவிட்டார்கள். ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு இணைப்புக் கொடுத்தால், அதற்கு லைசன்ஸ் வேண்டும்.