ஆய்வகத்துக்கும் அமைச்சகத்துக்கும் நடுவே: கேள்வி பதில்

அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் வளங்குன்றா வளர்ச்சிக் கொள்கையோடு இணைக்கும் திட்டங்களை நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பொதுப்படையாகப் பேசினால் யாருக்கும் பயன் இராது என்பதால், ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்பாட்டையும், அதற்குத் துணைநிற்கும் மதிப்பீட்டுக் குழுக்களையுமே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

கேள்வி (அரசு அலுவலர்): இத்தகைய திட்டத்தின் தலைவருக்கு உண்மையில் என்ன வேலை? கூட்டம் கூட்டி அறிக்கை வெளியிடுவதுதானா?

பதில்: கேள்வியைச் செம்மைப்படுத்துவதுதான் முதல் வேலை, பாதி வேலையும் அதுவே. "இந்தப் பொருளைத் தடை செய்யலாமா?" என்று ஓர் அமைச்சகம் கேட்டால், அதற்கு எந்த ஆய்வகமும் பதில் சொல்ல முடியாது. வளிமண்டலத்துக்கு என்ன நேரும், அதனால் மனிதருக்கும் பயிருக்கும் என்ன கேடு, ஒவ்வொரு பயன்பாட்டிலும் மாற்று எது, அது எப்போது, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பிரித்துக் கேட்டால் பதில் உண்டு. மான்ட்ரியல் உடன்பாட்டில் அறிவியலுக்கு ஒன்று, சுற்றுச்சூழல் விளைவுகளுக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கும் பொருளாதாரத்துக்கும் சேர்த்து ஒன்று என மூன்று குழுக்கள் இயங்குவது இந்தப் பிரிவினையால்தான்.

இரண்டாவது வேலை, மறுஆய்வுக்கான தேதியை உடன்பாட்டின் வாசகத்திலேயே இடம்பெறச் செய்வது. 1990 முதல் குறைந்தது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யவேண்டும் என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. 1987இல், குளிர்பெட்டிகளிலும் கரைப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களை (சிஎஃப்சி) பாதியாகக் குறைக்கவே நாடுகள் ஒப்புக்கொண்டன. 1990இல் லண்டனில் அது 2000க்குள் முழு நிறுத்தம் என்று மாறியது. 1992இல் கோபன்ஹேகனில் வளர்ந்த நாடுகளுக்கான கெடு 1996க்கு முன்னேறியது. முதல் நாளிலேயே எல்லாவற்றையும் கேட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்புவதைவிட இது நல்லது என்பது என் கருத்து.

கேள்வி (வேதியியல் மாணவி): ஆதாரம் முழுமையாகும் வரை அறிவியலாளர்கள் பொறுத்திருக்க வேண்டாமா?

பதில்: காலவரிசையைப் பாருங்கள். குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனை அழிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எழுதியது 1974இல். அண்டார்டிக்கா மேலே ஓசோன் பெருமளவு குறைந்துவருவதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் வெளியிட்டது 1985 மே மாதத்தில். அந்தக் குறைவுக்குக் குளோரினே காரணம் என்பதற்கு வலுவான சான்று தேடி சிலியின் புந்தா அரேனாஸிலிருந்து ஆய்வு விமானங்கள் பறந்துகொண்டிருந்த அதே 1987 செப்டம்பரில், 16ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தாகிவிட்டது. அண்டார்டிக்க ஓசோன் ஓட்டையை ஆதாரமாகக் காட்டாமலே பேச்சுவார்த்தை நடந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். உறுதியானது எது, பெரும்பாலும் சரியானது எது, இன்னும் தெரியாதது எது என்று தனித்தனியே எழுதிக் கொடுப்பதே குழுவின் கடமை. அவ்வளவு போதுமா என்று முடிவெடுப்பது நாடுகளின் பொறுப்பு.

(இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிற்சாலையில் சிறிது காலம் வேலைபார்த்த வீ. ராமநாதன், இதே வாயுக்கள் புவியைக் கடுமையாகச் சூடாக்கவும் செய்யும் என்று 1975இல் கணித்துக் காட்டினார்.)

கேள்வி (தொண்டு நிறுவனப் பணியாளர்): தொழிற்சாலை ஆட்களைக் குழுவில் உட்காரவைப்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைப்பது ஆகாதா?

பதில்: ஆகக்கூடும். ஆனாலும் அவர்கள் இல்லாமல் நடக்காது. மின்னணுச் சுற்றுப்பலகைகளில் பற்றவைத்த பிறகு ஒட்டியிருக்கும் பிசினைக் கழுவ சிஎஃப்சி-113 என்ற கரைப்பானைப் பயன்படுத்தினார்கள். எதைக் கொண்டு கழுவவேண்டும் என்பதை அமெரிக்க ராணுவத்தின் கொள்முதல் விதிகளே வகுத்திருந்தன. ராணுவத்துக்கு விற்காத தொழிற்சாலைகளும் அவற்றையே பின்பற்றின. பட்டறைத் தளத்தில் நின்றவருக்குத்தான் இந்த முடிச்சு எங்கே என்று தெரியும். தொழில்நுட்பக் குழுவின் இணைத்தலைவர்களில் ஒருவராக இருந்த ஸ்டீபன் ஆண்டர்சன் போன்றோர் ராணுவத்தையும் மின்னணு நிறுவனங்களையும் ஒரே மேசையில் அமர்த்தி, எதைக் கொண்டு கழுவினாய் என்று கேட்பதை விட்டு, பலகை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று சோதிக்கும்படி விதியை மாற்றச் செய்தார்கள். கழுவவே தேவையில்லாத பற்றவைப்பு முறையும் பரவியது. தடைச்சட்டம் மட்டும் இருந்திருந்தால் இது இவ்வளவு விரைவாக நடந்திருக்காது.

உங்கள் அச்சத்துக்கும் சான்று இருக்கிறது. மண்ணிலுள்ள பூச்சிகளையும் கிருமிகளையும் கொல்லப் புகையூட்டப் பயன்பட்ட, ஓசோனை அழிக்கும் மெத்தில் புரோமைடை வளர்ந்த நாடுகள் 2005இல் கைவிட வேண்டியிருந்தது. ஆனால் தக்காளிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் மாற்று இல்லை என்று சொல்லி, அந்த ஆண்டுக்கு மட்டும் குறைப்பைக் கணக்கிட எடுத்துக்கொண்ட தன் அடிப்படை அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அமெரிக்கா விலக்குப் பெற்றது. ஆகவே உறுப்பினர் ஒவ்வொருவரும் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதை எழுத்தில் வெளியிடச் செய்யுங்கள். ஒரே பயன்பாட்டைப் பற்றிப் போட்டி நிறுவனங்கள் இரண்டையும் அழைப்பது அதைவிடப் பயன் தரும். மாற்று இல்லை என்று ஒருவர் சொல்லும்போது, அந்த மாற்றை விற்பவர் எதிரிலேயே இருப்பார்.

கேள்வி (ஆய்வு நிறுவன மேலாளர்): "நீங்களே சொல்லுங்கள், என்ன செய்யலாம்?" என்று அமைச்சர் கேட்டால்?

பதில்: அளவுகோலை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ சமூகத்தின் இயக்கத்துக்கோ இன்றியமையாததாக இருந்து, ஏற்கத்தக்க மாற்றும் இல்லாவிட்டால் மட்டுமே தடையிலிருந்து விலக்கு என்று 1992இல் நாடுகள் வகுத்தன. ஆஸ்துமா நோயாளிகளின், சிஎஃப்சி கொண்டு இயங்கிய இன்ஹேலர் அந்த அளவுகோலில் தேறியது. மாற்று இன்ஹேலர்கள் வர வர அந்த விலக்கும் சுருங்கியது. விதியை வகுத்தவர்கள் அரசுகள். ஒரு பொருள் அதற்குள் வருமா என்று பார்த்தது குழு.

கேள்வி (குளிர்பதன மெக்கானிக்): முதலில் ஆர்-12, பிறகு 134ஏ, இப்போது 600ஏ. ஏன் ஐயா கேஸை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள்?

பதில்: நியாயமான கோபம். குளிர்பெட்டிகளில் நிரப்பும் இந்த வாயுக்களில், சிஎஃப்சி வகையைச் சேர்ந்த ஆர்-12 ஓசோனைத் தின்றது. 134ஏ ஓசோனை விட்டுவைத்தாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடிக்கிறது. 2016இல் மான்ட்ரியல் உடன்பாட்டுக்கான கிகாலித் திருத்தம் அந்த வகை வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்கச் சொன்னது. 600ஏ இரண்டு குற்றச்சாட்டிலும் தப்புகிறது, ஆனால் தீப்பற்றும். கடைகளில் வைக்கும் குளிர்பெட்டிகளில் தீப்பற்றும் வாயுவை 150 கிராமுக்கு மேல் நிரப்பக்கூடாது என்றிருந்த சர்வதேசப் பாதுகாப்புத் தரநிலை, 2019இல்தான் 500 கிராம் வரை அனுமதித்தது. சுற்றுச்சூழல் மாநாட்டில் கைதட்டல் வாங்கிய திட்டம், தரநிலைக் குழு என்ற இன்னோர் அறையில் ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடப்பது சகஜம். உங்களைப் போன்றோருக்கான பயிற்சிச் செலவைத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதும் வழக்கமும் ஒழிய வேண்டும்.

கேள்வி (பொறியியல் பட்டதாரி): இதற்கு எந்தப் பட்டம் தேவை?

பதில்: ஏதேனும் ஓர் அறிவியல் துறையில் ஆழம், அரசாணையைப் படித்துப் புரிந்துகொள்ளும் பொறுமை, பிறர் எழுதியதைத் திருத்தும் கை. பட்டத்தின் பெயர் முக்கியமில்லை.

கேள்வி (பத்திரிகையாளர்): இலக்கை எட்டியபின் திட்டத்தை மூடிவிடலாமா?

பதில்: அளவிடும் பகுதியை மட்டும் மூடக்கூடாது. சிஎஃப்சி-11 உற்பத்தி 2010க்குள் உலகெங்கும் நின்றுவிட்டதாகக் கணக்கு இருந்தது. ஆனால் காற்றில் அது குறையும் வேகம் தளர்ந்திருப்பதை அமெரிக்கக் கடல் வளிமண்டல நிர்வாகத்தின் அறிவியலாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். தென்கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதெருமா ஆகிய நிலையங்களின் அளவீடுகளைக் கொண்டு, புதிய உமிழ்வில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருவதாக 2019இல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு கண்டறிந்தது. நடவடிக்கைக்குப் பின் உமிழ்வு மீண்டும் சரிந்தது. அந்த இரண்டு நிலையங்களும் காற்று வரும் திசையில் அமைந்திருந்ததால்தான் இடம் தெரிந்தது. உலகின் பெரும்பகுதிக்கு இப்படிப்பட்ட நிலையம் கிடையாது. ஆகவே புதிதாகத் திட்டம் எழுதுபவர்கள், கண்காணிப்புக்கான பணத்தை முதலாண்டு நிதிநிலையிலேயே தனித் தலைப்பில் கேட்டு வாங்கிவிடுங்கள். இலக்கை எட்டிவிட்டோம் என்று அறிவித்த பிறகு அதை யாரும் தரமாட்டார்கள்.