ஸ்கூபா டைவிங்: "ஆபத்துக்கு நானே பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டவர் வழக்குப் போட முடியுமா?

கேள்வி: திருச்சியில் வசிக்கிறேன். அரையாண்டு விடுமுறையில் மனைவி, 9 வயது மகளுடன் அந்தமான் போனோம். இங்குள்ள ஒரு டிராவல்ஸில் பேக்கேஜ் எடுத்தேன். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டில் தங்குவது, 'இலவச ஸ்கூபா டைவிங்' எல்லாம் சேர்த்து ரூ.1,40,000. டைவிங் அன்று எனக்குச் சளி. சொன்னேன். "பரவாயில்லை சார், கீழே போனால் சரியாகிவிடும்" என்றார் இன்ஸ்ட்ரக்டர். படகு கிளம்பும் அவசரத்தில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். படிக்காமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். மகள் வயதை 10 என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். தண்ணீருக்குள் கொஞ்சம் இறங்கியதுமே காதுவலி தாங்கவில்லை. சொல்லித்தந்தபடி சைகை காட்டினேன். அவர் மேலே கூட்டி வராமல் இன்னும் கீழே கொண்டுபோனார். மேலே வந்தபோது காதில் ரத்தம். செவிப்பறை கிழிந்துவிட்டது, ஆபரேஷன் தேவைப்படும் என்கிறார் ஈ.என்.டி. டாக்டர். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டைவிங் சென்டர் வேறு கம்பெனி என்கிறது ரிசார்ட். டைவிங் சென்டரோ, "கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், வழக்கென்றால் போர்ட் பிளேரில்தான்" என்கிறது. நாங்கள் புக்கிங் மட்டும்தான் என்கிறது டிராவல்ஸ். ஆபரேஷனுக்கு முன் அனுமதி கேட்டால், சாகச விளையாட்டு என்று சொல்லி மெடிக்ளெய்ம் நிறுவனமும் மறுத்துவிட்டது. நான் என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு வழக்கு இருக்கிறது. அதைத் திருச்சியிலேயே போடலாம். அந்தக் கையெழுத்து அதைத் தடுக்காது.

கடலுக்குள் இறங்குவதில் இயல்பாக உள்ள ஆபத்தை ஏற்கிறேன் என்பதற்குத்தான் அந்தப் படிவம். ஜெல்லி மீன் பட்டது, பவளப்பாறை கீறியது, இன்ஸ்ட்ரக்டர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தும் காது வலித்தது என்றால் அது அவர்களுக்குக் கைகொடுக்கும். அவர்களுடைய சொந்த அலட்சியத்தை அது மூடாது. டெல்லியில் 1998இல் ஒரு ஹோட்டலுக்குப் போனவர், பார்க்கிங் செய்யச் சொல்லிக் காரையும் சாவியையும் ஊழியரிடம் கொடுத்தார். கார் திருடுபோனது. 'உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்' என்று டோக்கனிலேயே அச்சடித்திருக்கிறோம் என்றது ஹோட்டல். அந்த வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று 2019இல் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம் (தாஜ் மஹால் ஹோட்டல் வழக்கு). அது பொருளை ஒப்படைப்பது பற்றிய சட்டம், உடல் காயத்துக்குப் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதாடும். வாதாடட்டும். காருக்குக் காட்ட வேண்டிய கவனத்தை மனிதனுடைய காதுக்குக் காட்ட வேண்டாம் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் சொல்லாது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பும் உண்டு. கோவளத்தில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் நீச்சல் குளத்தில் ஒரு விருந்தினர் இறந்துபோனார். குளத்தில் உயிர்காப்பாளராக இருந்தவருக்கே மதுக்கூட வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த ரூ.62.5 லட்சம் இழப்பீட்டை 2019இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தண்ணீரில் இறங்கச் சொல்லி விருந்தினரை அழைப்பவர், அவரைப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இனி உங்கள் அலட்சியக் குற்றச்சாட்டு எதில் நிற்கிறது என்று பார்ப்போம். கடல்மட்டத்தில் நம் மேல் இருக்கும் அழுத்தம், 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகிறது. விகிதத்தில் பார்த்தால் மாற்றம் மிக வேகமாக நடப்பது முதல் சில மீட்டர்களில்தான். அதனால்தான் இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன்செய்யச் சொல்கிறார்கள். சளி இருந்தால் தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் அடைத்துக்கொள்ளும், ஊதினாலும் காற்று போகாது. சளியோடு டைவ் செய்யக் கூடாது, காது சமனாகாவிட்டால் நிறுத்திக் கொஞ்சம் மேலே வர வேண்டும் என்பவை இந்தத் தொழிலின் அரிச்சுவடி. முதன்முறை இறங்குகிறவருக்கு இது தெரியாது, தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. தெரிந்தவர் என்று சொல்லித்தான் இன்ஸ்ட்ரக்டரை உங்களோடு அனுப்புகிறார்கள். சளி என்று சொன்னபோது ஒரு தவறு நடந்தது. சைகை காட்டிய பிறகும் கீழே கொண்டுபோனது அதைவிடப் பெரிய தவறு.

அந்தச் சைகையை நிரூபிக்க முடியுமா? இங்கேதான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. இந்த டைவ்களில் கோப்ரோ கேமராவில் வீடியோ எடுத்துக் கொடுப்பது வழக்கம். உங்களுக்குக் கொடுத்திருந்தால் அதை இன்றே எடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். விரித்த கையை இருபக்கமும் ஆட்டிவிட்டு விரலால் காதைக் காட்டுவதுதான் 'காதில் பிரச்சினை' என்பதற்கான சைகை. அது எந்த நிமிடத்தில் வருகிறது, அதற்குப் பிறகு இன்ஸ்ட்ரக்டரின் கை உங்கள் சிலிண்டரை எந்தப் பக்கம் நகர்த்துகிறது என்று குறித்துவையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோ சுருக்கப்பட்டிருக்கும். மூலக் கோப்பைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர்கள் கொடுக்க மறுத்தால் அந்த மின்னஞ்சலே உங்களுக்குச் சாட்சி. வீடியோவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவு கேட்கும் மின்னணு ஆவணச் சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது.

உங்கள் பக்கத்துப் பலவீனம் அந்த 'இல்லை' டிக்குகள். இந்தத் தொழிலில் பயன்படும் மருத்துவப் படிவங்களில் காது, சைனஸ் பற்றிய கேள்விகள் இருக்கும். "உண்மையை மறைத்தார்" என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும். புகாரிலேயே நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்: வாயால் சொன்னேன், அவர்கள் பரவாயில்லை என்றார்கள், படிக்க நேரம் தரவில்லை, பக்கத்தில் என் மனைவி இருந்தார். மனைவியின் பிரமாண வாக்குமூலம் இதற்கு முக்கியம். உங்கள் கவனக்குறைவுக்காக ஆணையம் இழப்பீட்டைக் கொஞ்சம் குறைக்கலாம். வழக்கு அதனால் விழாது.

மகள் வயது விஷயத்தையும் மறைக்காதீர்கள். 'பேடி' என்னும் சர்வதேசப் பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி, முதன்முறை கடலில் டைவ் செய்வதற்குக் குறைந்தபட்ச வயது 10. அதற்குக் கீழே 8 வயதிலிருந்து ஆழம் குறைந்த நீரில் பயிற்சி மட்டும்தான். தெரிந்தே வயதைக் கூட்டி எழுதச் சொல்வது, அந்த இடம் எப்படி நடக்கிறது என்பதைக் காட்டிவிடும். ஆனால் எழுதியது உங்கள் கை. குறுக்கு விசாரணையில் வெளிவருவதற்குள் நீங்களே சொல்லிவிட்டால் உங்கள் மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்பு கூடும். ஒரு தகப்பனாகவும் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். அன்று மகளுக்குச் சளி பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சரி, எங்கே, யார் மேல் போடுவது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் 34ஆம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. பழைய சட்டத்தில் இது இல்லை. 'போர்ட் பிளேரில் மட்டும்' என்ற படிவ வாசகம் உங்களைத் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலிருந்து துரத்தாது. ரிசார்ட், டைவிங் சென்டர், டிராவல்ஸ் மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். யார் பங்கு எவ்வளவு என்று அவர்கள் ஆணையத்தின் முன் பேசிக்கொள்ளட்டும். ரிசார்ட்டைப் பிடித்துவைப்பது உங்கள் பேக்கேஜ் வவுச்சர். இலவசச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று யாராவது வாதாடுவார்கள். ரூ.1,40,000 கொடுத்து வாங்கிய பேக்கேஜின் ஒரு பகுதி அது. அதில் இலவசம் எதுவும் இல்லை.

எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை, நீங்கள் கொடுத்த தொகைதான் தீர்மானிக்கிறது. ரூ.50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், ரூ.5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. காயம்பட்ட நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு எச்சரிக்கை: 'படிவமே நியாயமற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்யுங்கள்' என்று கேட்காதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரை மாநில ஆணையம்தான் விசாரிக்க முடியும். மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மட்டும் கேளுங்கள்.

போலீஸில் புகார் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. உங்களுக்கு வேண்டியது சிகிச்சைச் செலவும் இழப்பீடும் என்பதால், என் அபிப்பிராயத்தில் நுகர்வோர் ஆணையமே போதும்.

மெடிக்ளெய்ம் மறுப்பை அப்படியே விட்டுவிடாதீர்கள். பாலிசியில் 'எக்ஸ்க்ளூஷன் 09' (விலக்கு 09) என்ற பத்தியைத் தேடுங்கள். இது எல்லா நிறுவனங்களுக்கும் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்த வாசகம். ஸ்கூபா டைவிங் பெயர் அதில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் விலக்கு, அந்த விளையாட்டில் 'தொழில்முறையாக' ஈடுபடுபவருக்கு மட்டும். விடுமுறைக்குப் போய் ஒருமுறை இறங்கிய நீங்கள் அந்த வகையில் வர மாட்டீர்கள். இதைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே வராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (குறைகேட்பு அதிகாரி) போகலாம். அதற்கும் கட்டணம் இல்லை.

இன்னொரு அவசர வேலை. ஆபரேஷனுக்கு முன்பே ஆடியோகிராம் (கேட்புத்திறன் சோதனை) எடுத்து, எந்தக் காதில் எவ்வளவு கேட்புத்திறன் குறைந்திருக்கிறது, அழுத்தக் காயத்தால்தான் செவிப்பறை கிழிந்ததா என்பதை டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்த பிறகு பழைய நிலையை நிரூபிப்பது கடினம். அந்தமானில் முதலில் பார்த்த மருத்துவமனையின் சீட்டையும் தேடி எடுத்துவையுங்கள். அதில் இருக்கும் தேதியும் நேரமும் டைவ் முடிந்த நேரத்தோடு பொருந்த வேண்டும். இவை கைக்கு வந்ததும் மூவருக்கும் 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்டில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும், இன்ஸ்ட்ரக்டரின் சான்றிதழ் நகலையும் அந்த நோட்டீஸிலேயே கேளுங்கள்.