ரொசெட்டாவின் கிட்டார் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் அமெரிக்காவில் வசிக்கிறேன். எங்கள் ஊர் அரங்கு ஒன்றில் ‘மேரி அண்ட் ரொசெட்டா’ இசை நாடகம் பார்த்தேன். பாடகியும் கிட்டார் கலைஞருமான சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பின் பெயரையே அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. ரொசெட்டாவாக நடித்தவர் பாடியதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அவர் கிட்டார் வாசிக்கவில்லை, வாசிப்பதுபோல நடிக்கிறார் என்று பாதியில் தெரிந்ததும் மனம் விலகிவிட்டது. உண்மையில் வாசித்தவர் பின்னால் மறைவில் இருந்தார். பின்னணிப் பாடகர்களைக் கேட்டே வளர்ந்த எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது? “பாட்டு நன்றாக இருந்ததா இல்லையா, அவ்வளவுதானே” என்கிறார் என் மனைவி.

இன்னொரு கேள்வி. தேவாலயப் பாட்டுக்காரரான ரொசெட்டா கிளப்புகளிலும் பாடினார், சபையார் அதைக் கண்டித்தார்கள் என்று நாடகத்தில் வருகிறது. அப்படியானால் அவருடைய பக்தி எத்தகையது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு உறுத்தியது சரிதான். வேறு யாரைப் பற்றிய நாடகமாக இருந்தாலும் உங்கள் மனைவியின் பக்கம் பேசியிருப்பேன். ரொசெட்டா விஷயத்தில் முடியவில்லை.

நீங்கள் பார்த்த ஏற்பாடு அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஜார்ஜ் பிரான்ட் எழுதிய இந்த நாடகம் 2016இல் நியூயார்க்கில் அட்லாண்டிக் தியேட்டர் கம்பெனியில் நடந்தபோதும் அப்படித்தான். ரொசெட்டாவாகக் கீஷா லூயிஸ், அவரோடு சேர்ந்து பாடிய மேரி நைட்டாக ரெபெக்கா நவோமி ஜோன்ஸ் நடித்தார்கள், பாடினார்கள். கிட்டாரை ஃபெலிசியா காலின்ஸும் பியானோவை டீயா ஹாரியட்டும் திரைக்குப் பின்னால் இருந்து வாசித்தார்கள். ரொசெட்டாவைப் போலப் பாடவும், நடிக்கவும், கூடவே அப்படிக் கிட்டார் வாசிக்கவும் தெரிந்த ஒருவரைத் தேடினால் நாடகமே நடக்காது. அந்தச் சிரமம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஃபெலிசியா காலின்ஸ் யார்? அவரும் ஒரு கறுப்பினப் பெண் கிட்டார் கலைஞர், அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மன் நிகழ்ச்சியின் இசைக்குழுவில் பல வருடம் வாசித்தவர். ரொசெட்டா போட்ட பாதையில் வந்த ஒருவரை, ரொசெட்டாவைப் பற்றிய நாடகத்திலேயே ஏன் மறைத்து வைக்க வேண்டும்? மேடையின் ஓரத்தில் வெளிச்சத்தில் உட்காரவைத்திருந்தால் எந்த மாயையும் கெட்டிருக்காது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ரொசெட்டாவின் கதையே கிட்டாரின் கதைதான். 1915இல் ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அம்மா கேட்டி பெல் நூபின் மாண்டலின் வாசிப்பார், ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்வார். அவர்கள் சேர்ந்திருந்தது ‘சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்’ என்ற பெந்தெகொஸ்தே சபை. மற்றச் சபைகள் பலவும் முகம் சுளித்த மேளம், தம்புரு, கிட்டார் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் இருந்தது. தம்புரோடும் யாழோடும் துதியுங்கள் என்று 150ஆம் சங்கீதம் சொல்கிறதே, அதை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள். பெண்கள் போதகராக முடியாத சபைதான், ஆனால் பாடலாம், சாட்சி சொல்லலாம். சின்ன வயதிலேயே அந்தக் குழந்தை கிட்டாரோடு அம்மாவின் கூட்டங்களில் நின்று பாடத் தொடங்கிவிட்டது. பிறகு சிகாகோ.

1938இல் நியூயார்க் போனார். பெயர்பெற்ற காட்டன் கிளப்பின் மேடை கிடைத்தது. அக்டோபர் 31 அன்று டெக்கா இசைத்தட்டுக் கம்பெனிக்கு நான்கு பாட்டுகள் பதிவுசெய்தார். அதில் ஒன்று ‘ராக் மீ’. தாமஸ் டார்சி எழுதிய பக்திப் பாட்டு அது. வரிகளைக் கொஞ்சம் மாற்றி அவர் பாடியதும் கேட்பவருக்குக் கடவுளா காதலனா என்று குழப்பம் வந்துவிட்டது. டிசம்பரில் கார்னகி ஹாலிலும் பாடினார். எல்லாம் மூன்றே மாதங்களுக்குள்.

அந்தக் கிட்டாரைக் கொஞ்சம் உன்னிப்பாகக் கேளுங்கள். தந்திகளைச் சும்மா தட்டினாலே ஒரு முழு ஸ்வரக்கட்டு கேட்கும்படி அவர் சுருதி சேர்த்துக்கொள்வார். கட்டைவிரல் அடித்தந்திகளில் தாளத்தை விடாமல் பிடித்திருக்கும், மற்ற விரல்கள் மேலே பேசும். ஒரு வரி பாடி நிறுத்துவார், சபை பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கிட்டார் பதில் சொல்லும். அதாவது பிரசங்கியும் சபையும் அவர் ஒருவரே. 1944இல் ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே’ பதிவின்போது பியானோ வாசித்த சாமி பிரைஸுக்கு அந்தச் சுருதி பிடிக்கவில்லை, கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்ற சுருதி மாற்றும் கவ்வியை மாட்டினால்தான் கூட வாசிப்பேன் என்றார். ரொசெட்டா மாட்டினார். அந்தப் பாட்டு அடுத்த வருடம் ‘பில்போர்டு’ பத்திரிகையின் கறுப்பின இசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. ராக் அண்ட் ரோலின் முதல் பாட்டு இதுதான் என்று சொல்பவர்கள் உண்டு. முதல் எது என்ற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் 1944இல் இப்படி ஒரு கிட்டார் ஒலித்தது என்பதைக் காதால் கேட்டவர் யாரும் மறுக்க முடியாது.

அவர் காலத்தில் அவருக்குக் கிடைத்த பெரிய பாராட்டு என்ன தெரியுமா? “ஆம்பிளை மாதிரி வாசிக்கிறாள்.” அந்தக் கைகளைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள். அப்புறம் அந்தக் கைகளே மறந்துபோயின. 1947இல் ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் தன் கச்சேரி மேடையில் ஒரு பதினான்கு வயதுப் பையனைப் பாடவைத்தார். அவன்தான் லிட்டில் ரிச்சர்ட். 1986இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் முதல் தடவை பெயர்களைச் சேர்த்தபோது லிட்டில் ரிச்சர்ட் இருந்தார், சக் பெர்ரி இருந்தார், எல்விஸ் பிரெஸ்லி இருந்தார். ரொசெட்டாவைச் சேர்த்தது 2018இல். இறந்து 45 வருடம் கழித்து. அவரைப் பற்றிய நாடகத்திலும் கிட்டார் திரைக்குப் பின்னால் போனால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மனம் விலகியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பின்னணிப் பாட்டில் பாடகரின் பெயர் நமக்குத் தெரியும், அவரைக் கொண்டாடுகிறோம். இங்கே மறைந்திருப்பவரின் வேலைதான் நாடகத்தின் உயிர்.

மற்றபடி நாடகத்தை நான் குறை சொல்லமாட்டேன். 1946, மிசிசிப்பி. கறுப்பினத்தவருக்கு விடுதியில் அறை கிடைக்காது, சாப்பாடு கிடைக்காது. இரண்டு பெண்களும் சவப்பெட்டிகள் அடுக்கிய ஓர் இடத்தில் தங்கி, அங்கேயே ஒத்திகை பார்க்கிறார்கள். அவர்கள் ஊர் ஊராகப் பயணம் போன காலத்தின் நிலவரம் அப்படித்தான், ரொசெட்டா பேருந்திலேயே தூங்கிய இரவுகள் உண்டு. மேரி நைட்டையும் ரொசெட்டாவையும் எதிரெதிராக நிறுத்தாமல் ஒருவருக்கொருவர் பாட்டு சொல்லிக்கொடுக்கவைத்தது பிரான்ட் செய்த நல்ல காரியம். ‘அப் அபவ் மை ஹெட்’ பாட்டில் அந்த இருவர் குரலும் ஒன்றையொன்று துரத்துவதைக் கேட்டால் அந்த நட்பு விளங்கிவிடும். முடிவில் வரும் திருப்பத்தைச் சொல்லமாட்டேன், இனிமேல் பார்க்கப்போகிறவர்கள் இருக்கலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சபையார் கண்டித்தது உண்மை. லக்கி மில்லிண்டர் இசைக்குழுவோடு உயரமான ஒல்லியான ஆள் வேண்டும் என்ற பொருளில் ஒரு பாட்டுப் பாடினார், யார்தான் சும்மா இருப்பார்கள்? ஐம்பதுகளில் மேரியோடு சேர்ந்து பக்தி சாராத ப்ளூஸ் பாட்டுகளைப் பாடியதும் தேவாலய ரசிகர்கள் பலர் விலகினார்கள். அவருக்கு விளம்பரமும் பிடித்திருந்தது. 1951இல் வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் டிக்கெட் விற்று மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டு, கல்யாண உடையிலேயே கிட்டார் வாசித்தார், ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க வந்தார்கள். இதையெல்லாம் வைத்து அவருடைய பக்தி போலி என்று முடிவுகட்ட எனக்கு மனம் வரவில்லை. அவர் கிளப்பில் வாசித்ததும் ஆலயத்தில் வாசித்ததும் ஒரே கைதான், ஒரே தாளம்தான். அந்தத் தாளத்தைக் கற்றுக்கொடுத்ததே அம்மாவின் சபை. வெளியே கொண்டுபோனது மட்டும்தான் அவர் செய்த குற்றம்.

சந்தேகமிருந்தால் 1964இல் இங்கிலாந்தின் கிரனாடா தொலைக்காட்சி எடுத்த பதிவைப் பாருங்கள். மான்செஸ்டரில் பயன்பாட்டில் இல்லாத வில்பிரகாம் ரோடு ரயில் நிலையம். ஒரு பிளாட்பாரத்தில் கலைஞர்கள், எதிர்ப் பிளாட்பாரத்தில் ரசிகர்கள். மழை பெய்திருக்கிறது. ரொசெட்டா கோட் போட்டுக்கொண்டு வெள்ளைக் கிட்டாரை மாட்டி, நோவாவின் வெள்ளத்தைப் பாடுகிற ‘டிடின்ட் இட் ரெய்ன்’ பாட்டை எடுக்கிறார். அந்த முகத்தைப் பார்த்தபின் பக்தி எத்தகையது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமாக, கேமரா அவர் விரல்களிடம் போகும்போது கண்ணை எடுக்காதீர்கள்.

அவர் முழு வாழ்க்கையையும் சொல்லும் இன்னொரு இசை நாடகம் இருக்கிறது, செரில் வெஸ்ட் எழுதிய ‘ஷவுட் சிஸ்டர் ஷவுட்’. 2023இல் வாஷிங்டன் ஃபோர்ட்ஸ் தியேட்டரில் நடந்தது. அதற்கு அடிப்படை கேய்ல் வால்ட் 2007இல் எழுதிய வாழ்க்கை வரலாறு. அந்தப் புத்தகத்தை உங்கள் மனைவியும் நீங்களும் சேர்ந்து படியுங்கள், அப்புறம் வீட்டில் நடக்கும் விவாதத்தையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.