பொண்ணு கவுன்சிலிங் போறது ஊருக்குத் தெரியணுங்களா?

நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமாச் சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் விளங்கணுமில்லீங்களா. போன ஜூன்ல நிரந்தரமாத் தங்கற பிஆர் விசாவுல திருப்பூர்ல இருந்து மெல்போர்ன் வந்தீங்க. பெரியவன் யுனிவர்சிட்டியில சேர்ந்துட்டான். சின்னவளுக்கு 16 வயசு, நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல பத்தாவது முடிச்சவ. மாசக்கணக்கா ரூமை விட்டு வெளிய வர்றதில்ல, சோறு சரியா உண்றதில்ல, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரியுது. டிசம்பர்ல லீவு விடறதுக்கு முன்னாடி ஸ்கூல் வெல்பீயிங் கோஆர்டினேட்டர் போன் பண்ணி, “உங்க பொண்ணு எங்கிட்ட வந்து பேசிட்டிருக்கா, உங்களுக்குச் சொல்லச் சம்மதிச்சிருக்கா, ஜிபிகிட்ட (குடும்ப டாக்டர்) கூட்டிட்டுப் போய் மென்டல் ஹெல்த் பிளான் (மனநல வைத்தியத் திட்டம்) போடுங்க”ன்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரர், ரெக்கார்டுல ஏறிடும், நாளைக்கு சிட்டிசன்ஷிப்புக்கும் கல்யாணத்துக்கும் இடைஞ்சல்ங்கறார். ஊத்துக்குளியில இருக்கிற மாமியார், புள்ளைய ஊருக்கு அனுப்பு, பண்ணாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்தாச் சரியாப் போகும்ங்கறாங்க. யார் பேச்சைக் கேக்கறதுன்னு கேட்டிருக்கீங்க.

நான் இப்ப கோபியில அம்மா வீட்ல இருந்துதான் எழுதறேன், பொங்கல் லீவுக்கு வந்தது. மெல்போர்ன் போய் இருபது வருசம் ஆகப்போகுது. அங்க ஒரு ஜிபி கிளினிக்ல ரிசப்ஷன்ல வேலை. அதனால இதை டாக்டர் பேச்சா எடுத்துக்காதீங்க. ஆனா எந்தப் பேப்பர் எங்க போகும், எங்க போகாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதுல இருந்தே ஆரம்பிக்கறேன், உங்க வீட்டுக்காரர் பயம் அங்கதானே இருக்குது.

பிஆர் கையில வந்தாச்சு. கவுன்சிலிங் போனதுக்காக அதை யாரும் பிடுங்க முடியாது. குடியுரிமை விண்ணப்பத்துக்கு உடம்புச் சோதனையே கிடையாது, மனசுக்கு என்ன சோதனை இருக்கப் போகுது? டாக்டர்கிட்டப் பேசினது ஸ்கூல் சர்டிபிகேட்ல வராது, யுனிவர்சிட்டி அட்மிஷன்ல வராது. ராணுவம், பைலட் மாதிரி சில வேலைக்கும் சில இன்சூரன்ஸ் பாரத்துலயும் பழைய வைத்தியத்தைக் கேப்பாங்க, அது உண்மை. கேட்டா மறைக்காமச் சொல்லணும், அவ்வளவுதான்.

இன்னொன்னு, அப்பாமாருக்கு இது கொஞ்சம் கசக்கும். 14 வயசு ஆயிட்டா, புள்ளையோட மெடிகேர் (அரசாங்க மருத்துவக் காப்பீடு) கணக்குல என்ன பில் போச்சுன்னு பெத்தவங்களாலயே தானாப் பாக்க முடியாது. மை ஹெல்த் ரெக்கார்டுங்கற ஆன்லைன் மருத்துவப் பதிவும் அவ கைக்குப் போயிடும். 15 வயசுல தனி மெடிகேர் கார்டே வாங்கிக்கலாம். விவரம் புரிஞ்ச பொண்ணுன்னு டாக்டருக்குப் பட்டா, அவ சொன்னதை அவளோடயே வெச்சுக்குவார். உசுருக்கு ஆபத்து, இல்ல யாராவது அவளைத் துன்புறுத்தறாங்கன்னாத்தான் வெளிய சொல்லுவார். அப்பாவுக்கே தெரியாதது பெருந்துறையில பொண்ணு விசாரிக்க வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?

மெடிகேர்ல இருந்து ஊருக்குச் சேதி போறதில்லீங்க. நம்ம போன்ல இருந்துதான் போகும். நீங்க மனசு தாங்காம உங்கம்மாகிட்டச் சொல்லுவீங்க. அவங்க சென்னிமலையில ஒரு கல்யாணப் பந்தியில பக்கத்து எலைக்காரங்ககிட்ட ‘யாருகிட்டயும் சொல்லிப்போடாத’ன்னு சொல்லுவாங்க. மெல்போர்ன்ல எங்க தெருவுல ஒரு ஈரோட்டுக் குடும்பம். அவங்க பொண்ணு நல்லா கவுன்சிலிங் போயிட்டிருந்தா, தேறியும் வந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப் வீடியோவுல வீட்டு ஒறம்பரை எல்லாம் கூடியிருக்கறப்ப அத்தைக்காரி, “ஏங் கண்ணு, மனசு இப்பத் தேவலையா?”ன்னு கேட்டுப்போட்டாங்க. பாசமாத்தான் கேட்டாங்க. அந்தப் புள்ள போனைக் கமுத்தி வெச்சுட்டு எந்திரிச்சுப் போனவதான், அடுத்த வாரம் கவுன்சிலர்கிட்டப் போகல, அதுக்கப்புறமும் போகல. அம்மா சொன்னதுதான் வெளிய போச்சுன்னு அவளுக்குத் தெரியாதா என்ன?

அதனால என் பதில் இது ஒன்னுதான்: யாருக்குச் சொல்லணும், யாருக்குச் சொல்லக்கூடாதுன்னு அந்தப் பொண்ணையே கேளுங்க. அப்பாரு அப்பத்தாவுக்குக்கூட அவ சம்மதம் இல்லாமச் சொல்லாதீங்க. அந்த கோஆர்டினேட்டர் சொன்னதுல நீங்க கவனிக்காம விட்டது ஒன்னு இருக்குது, ‘சொல்லச் சம்மதிச்சிருக்கா’ன்னாங்களே, அதுதான். கதவைச் சாத்திட்டுக் கெடக்கற புள்ளை, எங்கம்மாவுக்குத் தெரியட்டும்னு நெனச்சிருக்கா. அவ நேராச் சொல்லலையேன்னு வருத்தப்பட்டு எழுதியிருக்கீங்க. எனக்கென்னமோ அது பாதி சொன்ன மாதிரிதாங்க.

இனி, இது ஏன் வந்துச்சுங்கறது. வெளிநாடு வந்ததாலதான்னு முடிவு பண்ணிட்டீங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒம்பதாவது, பத்தாவது ரெண்டு வருசமும் ஹாஸ்டல். காலையில அஞ்சு மணிக்கு மணி அடிச்சா எந்திரிக்கணும், ராத்திரி பத்து வரைக்கும் ஸ்டடி. நீங்க பாத்ததெல்லாம் விசிட்டிங் டேயில, ஒரு டிபன் கேரியர் அரிசியும்பருப்பும் சோத்தோட, மரத்தடியில ரெண்டு மணி நேரம். அவ எப்படித் தூங்குவா, எதுக்கு அழுவான்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? தெனமும் ஒரே வீட்ல நீங்க சேர்ந்திருக்கறதே இப்பத்தான். இது பழைய பாரமா, புதுசாங்கறது அவ வாயில இருந்து வந்தாத்தான் தெரியும். எல்லாத்தையும் மெல்போர்ன் குளிர் மேல போட்டுடாதீங்க.

புதுசாச் சேர்ந்த பாரமும் இருக்குது, இல்லைங்கல. நம்ம ஊர்ல ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும், அங்க ஜனவரி கடைசியில. ஜூன்ல வந்து எறங்கின புள்ளைய நட்டநடு வருசத்துல, மறுபடியும் இயர் 10-லயே உக்கார வெச்சிருக்காங்க. பப்ளிக்ல 480 வாங்கினவளுக்கு அது பெயிலான மாதிரி இருந்திருக்கும். சிநேகிதிகளெல்லாம் ஊர்ல பிளஸ் ஒன், நீட் கோச்சிங்னு ஸ்டேட்டஸ் போடறாங்க. மெல்போர்ன் கிளாஸ்ல எல்லாரும் இயர் 7-ல இருந்தே சிநேகிதம் புடிச்சவங்க, மத்தியானம் யார்கூட உக்காந்து சாப்பிடறதுன்னே தெரியாது. ஊர்ல நூறு பொண்ணுங்ககூட ஒரே ஹால்ல படுத்தவளுக்கு, தனி ரூம் நாம நெனைக்கற மாதிரி வசதி இல்லீங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம், சாப்பாடு, முன்ன ஆசையாச் செஞ்சது எல்லாம் மாறிப்போச்சுன்னாலே டாக்டரைப் பாக்கலாம்னு சொல்லுவாங்க. உங்களுக்கு மாசக்கணக்காச்சு. போன் பண்றப்ப ‘லாங் அப்பாயின்ட்மென்ட்’னு சொல்லிக் கேளுங்க. சாதாரண அப்பாயின்ட்மென்ட் பதினஞ்சு நிமிசம், அதுல பிளான் போட முடியாது. பொண்ணு லேடி டாக்டர் வேணும்னாக் கேட்டு வாங்குங்க. உள்ள போனதும் மொத அஞ்சு நிமிசம் நீங்க இருங்க, அப்புறம் டாக்டர் சொல்றதுக்கு முந்தியே “நான் வெளிய இருக்கறேன் கண்ணு”ன்னு நீங்களா எந்திரிச்சு வாங்க. முன்மேசையில உக்காந்து எத்தனையோ அம்மாக்களைப் பாத்திருக்கேன். கைப்பையை மடியில வெச்சுட்டுக் கதவையே பாத்துட்டிருப்பாங்க. கஷ்டந்தான், ஆனா அந்தப் பத்து நிமிசத்துலதான் புள்ளைங்க வாயைத் திறக்கும்.

உங்க இங்கிலீஷ் போதாதுன்னு எழுதியிருந்தீங்க. அதுக்காகப் பொண்ணையே மொழிபெயர்க்க வெக்காதீங்க, வீட்டுக்காரரோட பிரெண்டையும் கூட்டிட்டுப் போகாதீங்க. கிளினிக்ல சொன்னா டிஸ் நேஷனல்ங்கற அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவையில, 131 450-ல, தமிழ்க்காரங்களைப் போன்ல புடிச்சுத் தருவாங்க, உங்களுக்குச் செலவில்ல. பேர் சொல்ல வேண்டியதில்ல. நம்ம தமிழ்ச் சங்கத்து ஆளா இருந்துடுமோன்னு பயமிருந்தா வேற மாநிலத்து ஆள் வேணும்னு கேக்கலாம். இலங்கைத் தமிழ் பேசறவங்க வந்தா கொஞ்சம் நிறுத்திப் பேசுங்க. நம்ம ‘ஏனுங்க, வந்துபோட்டு’ எல்லாம் அவங்களுக்கு ஓடாது.

பிளான் போட்டா மெடிகேர்ல வருசத்துக்கு 10 தடவை சைக்காலஜிஸ்ட் பாக்கறதுக்குப் பணம் திரும்ப வரும். மொத 6 முடிஞ்சதும் ஜிபியைத் திரும்பப் பாத்து மீதி 4 வாங்கணும். திரும்ப வர்றது முழுசுமில்ல, ஒரு பங்குதான். ஒரு தடவைக்கு 200 டாலருக்கு மேல வாங்கறவங்கதான் நிறைய, கையில இருந்து போறது ஜாஸ்தி. அதனால மொதல்ல ஹெட்ஸ்பேஸ்ங்கற மனநல மையத்துல கேட்டுப் பாருங்க. 12-ல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்குன்னே 2006-ல அரசாங்கம் ஆரம்பிச்சது, இலவசம், இல்லைன்னாச் சொற்பக் காசு. உங்க பக்கம் வெரிபியில ஒன்னு இருக்குது. ரெண்டு எடத்துலயும் காத்திருக்க வேண்டி வரும், அதுக்காக விட்டுடாதீங்க. நடுவுல ஸ்கூல் திறந்ததும் அதே கோஆர்டினேட்டரைப் பாத்துட்டே இருக்கட்டும். மாத்திரை மட்டும் ஊர்ல இருந்து மெடிக்கல்ல சொல்லி வாங்கி அனுப்பச் சொல்லாதீங்க. தூக்க மாத்திரை அப்படி வந்து எறங்கறது எனக்குத் தெரியும்.

சொல்லாம விட முடியாத ஒன்னு. பயமா இருந்தாலும் நேராக் கேளுங்க, “செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?”ன்னு. கேக்கறதால அந்த நெனப்பு புதுசா வந்துடாது, இது நல்லாத் தெரிஞ்ச விசயம். ஆமாம்னு சொன்னா அதட்டாதீங்க, அழுது அவளைப் பயமுறுத்தாதீங்க. தனியா விடாம, வீட்டு மாத்திரையெல்லாம் பூட்டி வெச்சுட்டு, அன்னைக்கே டாக்டரையோ எமர்ஜென்சியையோ பாருங்க. உடனடி ஆபத்துன்னா 000. கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800, 25 வயசு வரைக்கும், ராத்திரி பகல் எந்நேரமும், காசில்ல. உங்க மகனும் அதுல கூப்பிடலாம். அவனுக்கு யுனிவர்சிட்டியிலயே கவுன்சிலிங் இலவசம். 18 தாண்டிட்டதால நீங்க போன் பண்ணினா ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, கோவிச்சுக்காதீங்க. விக்டோரியாவுல பெத்தவங்களுக்கே பேரன்ட்லைன்னு 13 22 89 இருக்குது, உங்களுக்கு மூச்சு முட்டறப்ப அதுல பேசுங்க.

மாமியார் விசயம். பண்ணாரியம்மனைக் கும்பிடறதுக்கும் டாக்டர்கிட்டப் போறதுக்கும் எந்தச் சண்டையும் இல்ல. பொண்ணுக்கு ஆசையிருந்தா அடுத்த லீவுல கூட்டிட்டு வாங்க. ஆனா தனியா ஊருக்கு அனுப்பறது வேண்டாங்க. ஹாஸ்டல், அப்புறம் மெல்போர்ன், இனி மூணாவதா ஒரு எடத்துல புடுங்கி நடறதா? இங்க வந்தா ‘ஏன் திரும்பி வந்துட்ட’ன்னு ஊரே கேக்கும், அதுக்கு அவ என்ன பதில் சொல்லுவா? இதெல்லாம் வெள்ளைக்காரங்க சீக்குன்னு மாமியார் சொன்னா, ஊர்லயே 2022 அக்டோபர்ல இருந்து டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416-ல எந்நேரமும் தமிழ்ல பேசறாங்கன்னு சொல்லுங்க. இந்த கோபியிலயும் ஈரோட்லயும் கூப்பிடற வீடுகள் இருக்குது.

அந்தம்மாவால ஆகற காரியம் வேற இருக்குது. வாரத்துக்கு ஒரு தடவை பேத்திகூட மட்டும், ஸ்பீக்கர்ல போடாம, வீடியோ இல்லாமப் பேசச் சொல்லுங்க. மார்க் கேக்கக் கூடாது, இளைச்சுட்ட கருத்துட்டன்னு சொல்லக் கூடாது. எருமை கன்னு போட்டுச்சா, பக்கத்துக் காட்டுக்காரன் வேலித் தகராறு என்னாச்சு, அது போதும். எம்பொண்ணு இப்ப வீட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில அம்மாயிகூட மொச்சை உரிச்சுட்டிருக்கா. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காமத்தான் ரெண்டு பேரும் இவ்வளவு நேரமாப் பேசறாங்க. உங்களுக்கு அங்க கார் இருக்குது. முன்சீட்ல அவளை உக்கார வெச்சு, ரேடியோவை அணைச்சுட்டு, சும்மா ஓட்டிட்டுப் போங்க. கேள்வி கேக்காதீங்க.

ஸ்கூல் இந்த மாசக் கடைசியில திறந்துடும். அதுக்கு முந்தி ஜிபி அப்பாயின்ட்மென்ட் போட்டுடுங்க, பிப்ரவரியில லாங் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறது சிரமம். எந்த நாள், எந்த நேரம்ங்கறதை மட்டும் அவளையே சொல்லச் சொல்லுங்க.