± குறி எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: √49 எவ்வளவு என்றால் 7 மட்டும்தான் சரி என்கிறார்கள். த² = 49 என்று கொடுத்தாலோ, ±7 எழுதாவிட்டால் மதிப்பெண் குறைகிறது. (த என்பது தெரியாத எண்.) இரண்டும் ஒன்றுதானே? ± எப்போது போடுவது?

பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் ஒன்றில்லை. 49-க்கு 7, −7 என்று இரண்டு வர்க்கமூலங்கள் உண்டு. அதில் √ என்ற குறி மிகை எண்ணை மட்டும்தான் குறிக்கும் என்று கணிதத்தில் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள், 7 மட்டும்தான் வரும். த² = 49 என்பதோ ஒரு கேள்வி: எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் 49 கிடைக்கும்? 7-க்கும் கிடைக்கும், −7-க்கும் கிடைக்கும். √ இதில் ஒன்றைத்தான் தரும் என்பதால், மற்றதை விட்டுவிடாமல் இருக்க நாமே முன்னால் ± போட்டு த = ±√49 என்று எழுதுகிறோம். அந்தக் குறி √-க்குள்ளிருந்து வருவதில்லை, சமன்பாட்டைத் தீர்ப்பவர் போடுவது.

த = ±7 என்பது 'த = 7 அல்லது த = −7' என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். 'அல்லது' முக்கியம், த ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்காது. (1631-லேயே இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட் இந்தக் குறியைப் பயன்படுத்தியிருக்கிறார், எழுதுகிற வேலை அப்போதும் அலுப்பாகத்தான் இருந்திருக்கும்.) இடப்பக்கமும் ± போட வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். ±த = ±7 என்று எழுதினால் நான்கு வரி வரும், குறியை மாற்றிப் பார்த்தால் அதே இரண்டு விடைதான், வீண் வேலை.

நான் அடிக்கடி பார்க்கும் பிழை வேறு. (த − 4)² = 25 என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் த − 4 = 5, ஆகவே த = 9 என்று எழுதிவிட்டு, கடைசியில் 'அடடா, ± மறந்துட்டேனே' என்று ±9 ஆக்கிவிடுவார்கள். −9-ஐப் போட்டுப் பாருங்கள்: −9 − 4 = −13, அதன் வர்க்கம் 169. 25 எங்கே, 169 எங்கே! வர்க்கத்தை நீக்குகிற அதே வரியில் ± வந்துவிட வேண்டும்: த − 4 = ±5. அப்புறம் இரண்டாகப் பிரித்தால் த = 9 அல்லது த = −1. கடைசியில் ஒட்டவைக்கிற ஸ்டிக்கர் இல்லை அது.

இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தில் (அத² + ஆத + இ = 0 என்றால் த = (−ஆ ± √(ஆ² − 4அஇ)) ÷ 2அ) உள்ள ±-உம் வர்க்கத்தை நீக்கும்போது வந்ததுதான். ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 செ.மீ. அதிகம், பரப்பு 40 ச.செ.மீ. என்றால், அகலம் த, நீளம் த + 3, ஆகவே த(த + 3) = 40, அதாவது த² + 3த − 40 = 0. சூத்திரத்தில் போட்டால் (−3 ± √169) ÷ 2, அதாவது (−3 ± 13) ÷ 2. இந்த இடத்தில் தயவுசெய்து இரண்டு தனி வரியாக எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். + எடுத்தால் 5, − எடுத்தால் −8. சமன்பாட்டுக்கு இரண்டும் சரியான விடைதான். அகலம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் −8-ஐ நாம் தள்ளிவிடுகிறோம், ஒரு வரி காரணமும் எழுதிவிடுங்கள்.

த³ = 27 வந்தால் ± வேண்டாம். −3-இன் கனம் −27, அதனால் மெய்யெண்களில் விடை 3 ஒன்றுதான்.

கேள்வியிலேயே √ இருந்தால் மட்டும் கொஞ்சம் உஷாராக இருங்கள். √(த + 6) = த என்பதில் நீங்களாக ± சேர்க்கக் கூடாது, அது மிகை மூலத்தைத்தான் சொல்கிறது. இரு பக்கமும் வர்க்கப்படுத்தினால் த² − த − 6 = 0, விடை 3, −2 என்று வரும். 3-ஐப் போட்டால் √9 = 3, சரி. −2-ஐப் போட்டால் இடப்பக்கம் √4, அதாவது 2, வலப்பக்கம் −2. வர்க்கப்படுத்தியதால் நுழைந்த விடை இது, அடித்துவிடுங்கள்.