ஃபுளோரைடு ஆய்வு முடிவை ஊரில் யாரிடம் சொல்வது?

கேள்வி: தருமபுரி மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் நிலத்தடி நீரில் கரைந்திருக்கும், அளவு மிஞ்சினால் பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். ஆய்விதழில் கட்டுரையும் வந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். சுருக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? ஆட்சியரிடம் மனு கொடுக்கலாமா?

பதில்: வாட்ஸ்அப் வேண்டாம். 'நம்ம ஊர் தண்ணியில விஷமாம்' என்று மறுநாளே உங்களுக்கே திரும்பி வரும். மனு கொடுக்கலாம், ஆனால் அது சுற்றி வந்து குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர் மேசையில்தான் நிற்கும். ஆகவே முதலில் அவரையே பாருங்கள். அளவு அதிகமாக இருந்த கிணறுகளின் நீரை வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மறுபடி சோதிக்கக் கொடுங்கள். இரண்டு எண்களும் ஒத்துப்போனால், உங்கள் அளவீடு சரியா என்ற வாதத்துக்கே இடமிருக்காது. எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை அடி ஆழம், எந்த மாதம் எடுத்த நீர் என்ற பட்டியல் அவருக்குப் போதும்.

ஊருக்குச் சொல்ல ஏற்ற இடம் கிராம சபை. மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்றும் அது கூடுகிறது. ஊராட்சிச் செயலரிடம் முன்பே காட்டிவிடுங்கள். திடீரென எழுந்து பேசினால் யாரோ தூண்டிவிட்ட ஆளாகத்தான் பார்ப்பார்கள்.

சபையில் சராசரி, திட்ட விலக்கம் போன்ற புள்ளியியல் கணக்கு எதுவும் வேண்டாம். எந்த அடிபம்பு, அதில் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே கிடைக்காத இடத்தில்கூட 1.5தான் எல்லை என்பது இந்தியத் தர நிர்ணயம். உடனே 'காய்ச்சிக் குடிச்சா போயிடுமா?' என்று கேட்பார்கள். போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய ஃபுளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும். இந்த ஒரு பதிலுக்காகவே நீங்கள் நேரில் போக வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற வீடுகளில் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, போர்வெல் தண்ணீரைக் குளிக்க, துவைக்கப் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் தனியே பாருங்கள். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகும் சின்ன வயதில்தான் ஃபுளோரைடு பல்லைக் கெடுக்கிறது. அங்கே சோறு பொங்குவது எந்தத் தண்ணீரில் என்று கேட்டுவிட்டே வாருங்கள்.

தனியார் கிணறுகளின் முடிவைச் சபையில் வாசிக்காதீர்கள். நிலத்தின் விலை, பெண் கொடுக்கல் வாங்கல் வரைக்கும் பேச்சு போகும். வீட்டுக்கே போய், ஒரு தாளில் எழுதி உரியவர் கையில் கொடுங்கள்.